எண்ணிவிட்டு நம்பியவர்

வாசல் கேற் மணி அடித்தால் அவர் உடனே எழும்பமாட்டார். வலது கையைச் சற்று உயர்த்தி, என்னையும் எழும்பவேண்டாம் என்று காட்டுவார். உதடு அசையாமல் நான்கு வரை எண்ணுவார். அதற்குள் இரண்டாம் தரம் மணி அடித்தால்தான் வந்திருப்பது உண்மையான ஆள். அடிக்காவிட்டால் வீடு மாறி வந்தவராக இருக்கலாம், விளையாட்டுக்கு அழுத்திவிட்டு ஓடியவராக இருக்கலாம், உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க வந்தவராகவும் இருக்கலாம். அந்தக் கடைசி ஆளுக்காகத்தான் எண்ணுவது.

இதனால் ஒருமுறை காஸ் சிலிண்டர் வராமல் போனது.

"காஸ்காரன் போயிட்டான் அண்ணை."

"போகட்டும் ஐசே. உண்மையான காஸ்காரன் எண்டா இன்னொருக்கா அடிச்சிருப்பான்."

"அவன்ர லொறியில இன்னும் நாப்பது சிலிண்டர் கிடக்கு. உங்களுக்காக நிண்டு அடிச்சுக்கொண்டிருப்பானே?"

"அப்ப இண்டைக்குப் பாண்."

இரண்டு நாட்கள் கடையில் வாங்கிய பாணும் சம்பலும் தின்றோம். தேத்தண்ணி இல்லாதது அவரைத்தான் அதிகம் வருத்தியது. ஆனாலும் நான்கை மூன்றாகக் குறைக்க அவர் சம்மதிக்கவில்லை.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசி வீடு அது. பின்னால் மதில், மதிலுக்கு அப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். மேல்மாடியில் இரண்டு அறைகளும் நடுவில் சமைப்பதற்கு ஒரு மூலையும் இருந்தன. ஓர் அறையில் அவர், மற்றதில் நான். போர் திரும்பவும் மூண்டு, கொழும்பில் தமிழர்களை வான்களில் வந்து கொண்டுபோகத் தொடங்கியிருந்த காலம். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சொந்த இடம் வடக்கே கொக்குவில். மனைவியும் மகளும் அங்கேயே இருந்தார்கள். வடக்குக்குப் போகும் பாதை மூடியிருந்ததால் போகவும் முடியாது, வரவும் முடியாது. அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவரிடம் கேட்காமல் எழுதக்கூடாது. கேட்கிற துணிவு எனக்கு இல்லை.

நான் பதினொரு வருடம் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்திகளைத் திருத்தி, வெட்டி, தலைப்புப் போட்டவன். பக்கங்கள் குறைந்தபோது ஆட்களையும் குறைத்தார்கள். கொட்டாஞ்சேனையில் பாணி மருந்தைப் போத்தலில் அடைக்கும் சிறு தொழிற்சாலை ஒன்றில், மும்மொழி லேபல்களைச் சரிபார்க்க ஆள் தேடினார்கள். போய்ச் சேர்ந்தேன். சில மாதங்களில், பெல்டில் ஓடும் போத்தல்களைப் பார்க்கும் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கெமரா வந்தது. ஒவ்வொரு போத்தலையும் படம் எடுத்து, லேபல் இருக்கிறதா, சரியான லேபல்தானா என்று பார்த்து, பிழையானதைக் காற்று அடித்துத் தள்ளிவிடும். அதைப் பொருத்தி ஓட்ட வந்தவர்தான் இவர். அறை தேடிக்கொண்டிருந்தார். என் பக்கத்து அறையை நான்தான் சொன்னேன்.

கெமரா பெரிய விஷயமில்லை என்பார். அது காட்டியதைப் பார்க்கும். எப்போது பார்ப்பது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு அதன் பெட்டியில் எட்டு இன்புட்டுகள் இருந்தன. போத்தல் வந்துவிட்டது என்று ஒரு சென்சர் ஒரு வயரில் சொல்லும். பெல்ட் ஓடுகிறது என்று இன்னொரு வயர். பெரியவர்களுக்கான மருந்து முடிந்து குழந்தைகளுக்கான மருந்து ஓடப்போகிறது, லேபலை மாற்றிப் பார் என்று வேறொன்று. எட்டுக்கும் அவர் ஒவ்வொன்றாகக் கணினியில் விவரம் கொடுக்கவேண்டும். போத்தல் வரும்போது படம் எடுப்பதா, தாண்டும்போது எடுப்பதா? சிக்னல் எத்தனை மில்லி செக்கன் நின்றால் உண்மை என்று கொள்வது? உண்மை என்று கொண்டபின் எவ்வளவு பொறுத்துச் செயற்படுவது? இவற்றைக் கணினியில் ஏற்றுவதற்கு முன் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியில், நாலு கோடு கீறி, தமிழில் எழுதிக்கொள்வார். தமிழில் எழுதினால்தான் தனக்குப் பிழை தெரியும் என்பார்.

முதல் கிழமையே கெமரா போத்தல் இல்லாத இடத்தைப் படம் எடுத்தது. பெல்ட் வெறுமையாக ஓட, படத்துக்கு மேல் படம். லைன் மேற்பார்வையாளர் மங்களிகா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"மொகத அய்யே, கெமராவட பிஸ்ஸுத?"

என்ன அண்ணை, கெமராவுக்கு விசர் பிடித்துவிட்டதா என்று கேட்கிறாள். "பொட்டக் இன்ன, நங்கி" என்றார். கொஞ்சம் பொறு தங்கச்சி. அந்தக் கொஞ்சம் மூன்று மணித்தியாலமாக நீண்டது. ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியில் இருந்த எட்டுச் சிறிய விளக்குகளையும் பார்த்தபடி இருந்தார். மோட்டர் நின்று திரும்ப ஓடும் கணத்தில் ஆறாவது விளக்கு ஒரு மின்னல் மின்னி அணைவதைக் கடைசியில் எனக்கும் காட்டினார். ஆறாவது இன்புட்டில் ஒன்றுமே பூட்டப்படவில்லை. ஒரு வயரை மட்டும் பிறகு தேவைப்படும் என்று சும்மா விட்டிருந்தார்கள். அது மோட்டர் வயரோடு ஒட்டிக் கிடந்து, அதன் மின் அதிர்வை வாங்கியிருக்கிறது. விவரம் கொடுக்காத இன்புட்டில் எது வந்தாலும் போத்தல் என்று கெமரா எடுத்துக்கொள்ளும்.

"இது பொய் சொல்லேல்ல ஐசே," என்றார். "இதுக்கு ஆரும் வேலை குடுக்கேல்ல. வேலையில்லாத வயர் பக்கத்தில ஓடுறதை எல்லாம் தன்னுடையது எண்டு நினைக்கும்."

வயரை வெட்டி, முனையை நிலத்தொடுப்பில், அதாவது எர்த்தில், கட்டினார். மற்ற எல்லா இன்புட்டுகளுக்கும் பொறுக்கும் நேரத்தைக் கூட்டினார். அன்று முதல் கெமரா ஒழுங்காக ஓடியது.

அவருடைய பொறுமையில் எனக்கு மதிப்பு இருந்தது. அதே அளவுக்கு அது எனக்குப் பயத்தையும் தந்தது. அவரோடு இருந்தால் நாமும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கப் பழகிவிடுவோம். முன்வீட்டு நாய் குரைத்தால் என் கரண்டியும் அந்தரத்தில் நிற்கும். ரயில் போய் முடிந்தபின் வரும் நிசப்தத்தில் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவோம். பஸ்ஸில் அவர் பையில் சாப்பாட்டுப் பெட்டி, அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, தொழிற்சாலைக் கடிதம், இவற்றைத் தவிர ஒன்றும் இராது. விரல் நீள வயர்கூட இராது. ஏறுவதற்கு முன் காற்சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் பார்ப்பார். வேலை செய்யும்போது தவறி விழுந்த ஒரு திருகாணி அதற்குள் இருந்துவிடக்கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவர் சட்டை தோய்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்கைக்குள் ஒரு வான் வந்து நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சவர்க்கார நுரையோடு அவருடைய கை உயர்ந்தது. இந்த முறை அவர் நான்கில் நிற்கவில்லை. பத்து, பன்னிரண்டு என்று அவர் தொண்டை அசைவதை நான் பார்த்தேன். பதினாறு. முன்வீட்டுக் கேற் திறக்கும் சத்தம், ஒரு பெண்ணின் குரல், வான் கதவு இழுபட்டு மூடும் சத்தம், பிறகு வான் பின்பக்கமாகவே ஒழுங்கையை விட்டுப் போனது. முன்வீட்டில் வாடகைக்கு இருந்த, வங்கியில் வேலை செய்த ஒருவரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

முன்வீட்டுக் கேற் திறந்தபோது அவர் பதினெட்டில் நின்றிருந்தார்; வானுக்கு இருபது என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார். நான் கேட்டேன், "இருபது வந்திருந்தா?"

"பின்மதில். பிறகு றெயில் றோட்டால தெகிவளைப் பக்கம்."

"என்னை?"

"உமக்கும் கால் இருக்குத்தானே ஐசே," என்று சட்டையைப் பிழிந்தார். அவர் அப்போது சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதிகம் பொறுத்தாலும் ஆபத்து என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஒருமுறை பெல்டின் வேகத்தைக் கூட்டினார்கள். கொப்பியில் இருந்த பழைய நேரத்தையே அவர் விட்டிருந்தார். போத்தல்கள் சென்சருக்கு முன்னால் நிற்கும் நேரம் குறைந்துவிட்டது. நின்றது போதாது என்று கெமரா சிலவற்றைக் கணக்கில் எடுக்கவே இல்லை. லேபல் இல்லாத ஏழு போத்தல்கள் பெட்டிக்குள் போய்விட்டதாக மங்களிகா கண்டுபிடித்தாள். லொறி மூன்று மணிக்கு வரும். அவருடைய முகத்தில் அப்படியொரு நிறத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஒரு சிங்களவன் விட்டா இது பிழை," என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "மருந்து. குழந்தைப்பிள்ளையளின்ர மருந்து. நான் விட்டா இதுக்கு வேற பேர்."

மூவரும் நிலத்தில் குந்தியிருந்து பெட்டி பெட்டியாகப் பிரித்தோம். மங்களிகா முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதவில்லை. ஏழாவது போத்தலை எடுத்து அவர் கையில் கொடுத்தபோது, "அய்யே, இனி மூச்சு விடு" என்று சிங்களத்தில் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் முதலாளி, எட்டு இன்புட்டுகளின் விவரமும் ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து கோப்பில் இருக்கவேண்டும் என்றார். தட்டச்சு என் வேலை. தொழிற்சாலையில் எனக்குக் கணினி கிடைப்பது அரிது. வீட்டில் என்னிடம் ஒரு பழையது இருந்தது.

"கொப்பியை வீட்ட கொண்டு வாங்கோ அண்ணை. ரெண்டு பின்னேரத்தில முடிச்சிடலாம்."

அவர் யோசித்தார். "பஸ்ஸிலயோ?"

"வெறும் கொப்பிதானே."

அன்று நான் முந்திய பஸ்ஸில் போய்விட்டேன். அவர் பிந்திய பஸ்ஸில் வந்தார். காலி நகருக்குப் போகும் வீதியில் பொலிஸார் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி, பைகளைப் பார்த்தார்கள். தமிழ் எழுத்து, கோடுகள், எண்கள், வயர் போகும் வழியைக் காட்டும் படங்கள். கொப்பியோடு அவரையும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை பொலிஸிலிருந்து தொழிற்சாலைக்குத் தொலைபேசி வந்தது. அங்கே வேலை செய்கிறவர் என்பது உண்மையானால், கொப்பியில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்ல ஆளை அனுப்புங்கள் என்றார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க போங்க. ஒங்களுக்குத்தான் ரெண்டு பாஷையும் சரியா வரும். வாசிச்சு வெளங்கப்படுத்தினா விட்டுருவாங்க." கடிதத்தைக் கொடுத்து மங்களிகாவையும் கூட அனுப்பினார்.

மங்களிகாவை வெளியே மர வாங்கில் இருக்கச் சொன்னார்கள். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் என் சிங்களத்தை எழுதிக்கொள்ள ஒரு கொன்ஸ்டபிள். சுவரோரம் அலுமாரியில் சாய்ந்தபடி, தலை நரைத்த சார்ஜன்ட் ஒருவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார். அவரை நான் பொருட்படுத்தவில்லை.

ஒவ்வொரு வரியாக வாசித்தேன். இன்புட் ஒன்று, போத்தல் வருகை, இவ்வளவு நேரம் நின்றால் உண்மை, பிறகு படம் எடு. இன்புட் இரண்டு, பெல்ட். இன்ஸ்பெக்டர் கெட்டவராகத் தெரியவில்லை. கெமரா எப்படிப் பிழையான லேபலைக் கண்டுபிடிக்கிறது என்று கேட்டார். சொன்னேன். "நல்ல வேலை" என்றார். பேனையை மூடி மேசையில் வைத்தார். இன்னும் சில பக்கங்கள்தான் இருந்தன. அவர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கொப்பியின் கடைசி ஒற்றைத் தாள்களில் ஒன்றைத் திருப்பினேன். மேலே 'வீடு' என்று எழுதியிருந்தது. அதே நாலு கோடு. கேற் மணி: நான்கு. நாய்: ஏழு. ஜீப் அல்லது வான் வந்து நின்றால்: இருபது, பிறகு பின்மதில், ரயில் பாதை, தெகிவளை. அதற்குக் கீழே, 'பக்கத்து அறைக் கதவு' என்றும், அருகே என் முழுப் பெயரும். பொறுக்கும் நேரம் என்ற இடத்தில் பூச்சியம். 'உடனே திற.'

பத்திரிகையில் ஒரு பத்தியை எடுத்துவிட்டு, மேலதையும் கீழதையும் ஒட்டியது தெரியாமல் செய்ய எனக்குப் பதினொரு வருடப் பழக்கம் இருந்தது. என் பெருவிரல் இரண்டு ஒற்றைகளையும் சேர்த்துப் புரட்டியது. அடுத்த பக்கத்தில் இருந்த இன்புட் எட்டை, குரல் மாறாமல் வாசித்தேன்.

இதைச் சரியாகச் சொல்லவேண்டும். மதில், ரயில் பாதை என்ற வரியைப் பார்த்து நான் புரட்டவில்லை. என் பெயரைப் பார்த்துத்தான் புரட்டினேன்.

"தம்பி," என்று அலுமாரிப் பக்கமிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது. "ஒரு ஒத்தை விட்டுட்டீங்கதானே."

சார்ஜன்ட் கோப்பையை வைத்துவிட்டு வந்தார். மட்டக்களப்பில் ஆறு வருடம் இருந்ததாக, மன்னிப்புக் கேட்பவரைப் போலச் சொன்னார். ஒட்டியிருந்த ஒற்றையைப் பிரித்து, விரலை எழுத்துக்குக் கீழே வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்ததைச் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் பேனையை மறுபடி திறந்தார்.

"இதை ஏன் வாசிக்கவில்லை?"

"வேலைக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைத்தேன், சேர்."

"சம்பந்தமில்லாததை வாசித்தால் என்ன?"

என் அடையாள அட்டையைக் கேட்டார். கொப்பியிலிருந்த பெயரையும் அட்டையிலிருந்த பெயரையும் சார்ஜன்ட் ஒப்பிட்டார். பூச்சியம் என்றால் என்ன என்று கேட்டார்கள். நாங்கள் ஒரே வீட்டில் இருப்பவர்கள், நான் தட்டினால் அவர் கதவைத் திறப்பார், அவ்வளவுதான் என்றேன்.

அவரைக் கொண்டுவந்தார்கள். இடுப்புப் பட்டியைக் கழற்றி வாங்கியிருந்ததால் காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். விரிந்து கிடந்த பக்கத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். தன் உடைந்த சிங்களத்தில், "நான் பயந்தவன், சேர். இது பயந்தவன் எழுதியது" என்றார். ஜீப்பை எண்ணுவதும் போத்தலை எண்ணுவதும் தனக்கு ஒரே வேலை என்று விளங்கப்படுத்தினார். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவ்வளவுதான் என்றால், உன்னுடைய ஆளே இதை ஏன் மறைக்கிறான்?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை.

என் முகவரியை எழுதிக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்கள். அவரை மேலதிக விசாரணைக்கு என்று வேறிடத்துக்கு அனுப்பினார்கள். வெளியே மங்களிகா வாங்கிலிருந்து எழும்பி, "அய்யே எங்கே?" என்று கேட்டாள். கேள்வி கேட்கிறார்கள், வருவார் என்றேன். அடுத்த நாளிலிருந்து அவள் மதிய இடைவேளையில் சோற்றுப் பார்சலோடு அவர் இருந்த இடத்துக்குப் போய்வந்தாள். சிங்களப் பெண் என்பதால் உள்ளே விட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் ஒருநாளும் போகவில்லை. லேபல் மேசையில் இருந்தேன். இரவில் உடுப்போடு படுத்தேன். ஒழுங்கையில் எந்த வாகனம் நின்றாலும் என்னால் மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம் அவரை விட்டார்கள். மங்களிகா முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து கேற்றடியில் இறக்கிவிட்டுப் போனாள். மெலிந்திருந்தார். இடது கைவிரல்கள் இரண்டு மடங்கவில்லை. நெடுநேரம் குளித்தார். பிறகு சமையல் மூலையில் வந்து குந்தியிருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

"நீர் அங்க வராதது நல்லது ஐசே. வந்திருந்தா உம்மையும் வச்சிருப்பாங்கள்."

நான் சீனிப் போத்தலை மூடினேன்.

"உள்ளுக்கு என்னோட இருந்த பொடியள் எல்லாரும் ஒரே கதை. உன்ர ஆள் தன்னைக் காப்பாத்தத்தான் அந்த ஒற்றையைத் தாண்டினவன், உன்னைப் பற்றி யோசிக்கேல்ல எண்டு. நான் சொன்னன், உங்களுக்கு அந்த மனுசனைத் தெரியாது, மதிலையும் றெயில் றோட்டையும் கண்டு எனக்காகப் பயந்துதான் மறைச்சது எண்டு." கோப்பையை வலது கைக்கு மாற்றினார். "அப்பிடித்தானே?"

"ஓம் அண்ணை," என்றேன்.

தலையை ஆட்டினார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.